வாழைப்பழ எசென்ஸும் பாலிஷ் தின்னரும் ஒரே வாசனை அடிக்கிறதே, ஐஸில் ஊற்றலாமா?

குச்சிஐஸ்_தென்காசி · திங்கள், இரவு 9:42

எல்லாருக்கும் வணக்கம். நான் வீட்டிலேயே பால் ஐஸ், குச்சி ஐஸ் போட்டு பக்கத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். மூணு வருசமா இதுதான் பிழைப்பு. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் எடுத்திருக்கேன்.

நேத்து ராத்திரி வாழைப்பழ ஐஸுக்குப் பால் காய்ச்சி ஆற வச்சு, எசென்ஸ் ஊத்திக்கிட்டிருந்தேன். என் கொழுந்தன் வேலை முடிஞ்சு வந்தவர் அடுப்படி வாசல்லயே நின்னுட்டார். "மதினி, தின்னர் டப்பாவைத் திறந்து வச்சிருக்கீங்களா?"ன்னு கேட்டார். அவர் மரச் சாமானுக்கு லேக்கர்னு பளபளப்புப் பூச்சு அடிக்கிறவர். நான் புட்டியை நீட்டினேன். மோந்து பார்த்துட்டு, தன் வேலைச் சட்டையைக் கழட்டி என்கிட்ட கொடுத்தார். சத்தியமா சொல்றேன், ரெண்டும் ஒரே வாசனை.

அதைவிடப் பயமா இருந்தது இன்னொண்ணு. புட்டியை வாங்கி வைக்கும்போது ரெண்டு சொட்டு தெர்மாகோல் பெட்டி மூடியில விழுந்துச்சு. துடைக்கத் துணி எடுக்கறதுக்குள்ள அந்த இடம் உருகி, விரல் நுனி போற அளவுக்குக் குழி விழுந்துட்டுது. இதையா நான் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கிட்டிருந்தேன்? ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. இன்னைக்கு ஐஸ் போடவே இல்லை. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

இயற்கைவழி_மணி · திங்கள், இரவு 10:05

அக்கா, யோசிக்கவே வேண்டாம். எல்லாத்தையும் கொட்டிவிடுங்கள். தெர்மாகோலையே உருக்குவது குழந்தை வயிற்றில் என்ன செய்யும்? பூவன் தார் என்ன கிடைக்காத பொருளா? இந்த எசென்ஸ் எல்லாமே பெயிண்ட் கம்பெனிச் சரக்குதான்.

பழைய_ஆய்வகம் · திங்கள், இரவு 11:31

அம்மா, முதலில் நிதானமாகத் தூங்குங்கள். நான் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன். இந்த வாசனையோடு வாழ்ந்தவன் என்றே சொல்லலாம்.

உங்கள் கொழுந்தனின் மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. வாழைப்பழ எசென்ஸின் முக்கியப் பொருள் ஐசோஅமைல் அசிட்டேட் என்ற எஸ்டர். ஒரு ஆல்கஹாலும் ஒரு அமிலமும் சேர்ந்து, தண்ணீரை வெளியே தள்ளிவிட்டு உண்டாவது எஸ்டர். இங்கே ஆல்கஹால் ஐசோஅமைல் ஆல்கஹால். அமிலம் அசிட்டிக் அமிலம், வினிகரில் இருக்கும் அதேதான். இந்த எஸ்டரும், இதன் நெருங்கிய சொந்தமான பியூட்டைல் அசிட்டேட்டும் லேக்கரிலும் அதன் தின்னரிலும் சேர்க்கிற கரைப்பான்கள். அதனால்தான் சட்டையிலும் புட்டியிலும் ஒரே பழ வாடை.

ஆனால் இது பெயிண்ட் கம்பெனி கண்டுபிடித்த பொருள் இல்லை. உங்கள் வீட்டு வாழைத்தாரே இதைத் தயாரிக்கிறது. காய் பழுக்கும்போது எத்திலீன் வாயு சுரக்கிறது. அதன் தூண்டுதலால் லூசின் என்ற அமினோ அமிலம் படிப்படியாக உடைந்து ஐசோஅமைல் ஆல்கஹால் ஆகிறது. பழத்தில் இருக்கும் நொதி ஒன்று அதன் தலையில் அசிட்டேட்டைக் கட்டிவிடுகிறது. காய்க்கு வாசனை கிடையாது. பழுத்த மறுநாள் கூடமெல்லாம் மணக்கிறது. அந்த மணத்தில் பெரும் பங்கு இதனுடையது. பழத்தில் இருப்பது மில்லிகிராம் கணக்குத்தான். மூக்கு அதை அவ்வளவு குறைந்த அளவிலேயே பிடித்துவிடும்.

தெர்மாகோல் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கமலா ஆரஞ்சு வாங்குங்கள். தோலை மடித்து தெர்மாகோல் மேல் பீச்சிப் பாருங்கள். அங்கேயும் புள்ளி புள்ளியாகக் குழி விழும். தோலில் இருக்கும் லிமோனீன் என்ற எண்ணெய் செய்கிற வேலை. தெர்மாகோல் என்பது பாலிஸ்டைரீன். எண்ணெய்த்தன்மை உள்ள பல பொருள்களில் அது கரையும். ஐஸில் போட்ட சர்க்கரை பாலில் கரைவதைப் போலத்தான். கரைக்கிற எல்லாம் விஷம் என்றால் தண்ணீர்தான் முதல் குற்றவாளி. உங்கள் வயிற்றுச் சுவர் பாலிஸ்டைரீனால் ஆனதும் இல்லை. உணவில் போகும் சிறு அளவு எஸ்டரை நம் உடலின் நொதிகள் மறுபடி ஆல்கஹாலாகவும் அசிட்டிக் அமிலமாகவும் பிரித்து, சாதாரண வழியில் செரித்துவிடுகின்றன.

இவ்வளவு சொன்னாலும் ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது. கடைகளில் உணவுக்கென்று விற்கும் எசென்ஸ் பெரும்பாலும் புரொப்பிலீன் கிளைக்கால் போன்ற ஒரு திரவத்தில் நன்றாக நீர்க்கச் செய்யப்பட்டது. ரெண்டு சொட்டில் துணி எடுப்பதற்குள் குழி விழுமா என்று யோசிக்கிறேன். அந்தப் புட்டியில் என்ன எழுதியிருக்கிறது? எங்கே வாங்கினீர்கள்?

குச்சிஐஸ்_தென்காசி · செவ்வாய், காலை 6:20

சார், உங்க பதிலை நாலு தடவை படிச்சேன். ரொம்ப நன்றி. உண்மையைச் சொல்லிடறேன். என்கிட்ட ரெண்டு புட்டி இருக்கு.

ஒண்ணு 20 மில்லி. பேக்கரி சாமான் கடையில வாங்கினது. கம்பெனி பேர், உரிம எண், தேதி எல்லாம் இருக்கு. இன்னொண்ணு அரை லிட்டர். ஒரு கெமிக்கல் கடையில போன மாசம் வாங்கினது. "சின்னப் புட்டிக்கு ஏன்மா இவ்வளவு காசு கொடுக்கீங்க, உள்ளே இருக்கறது இதே சரக்குதான், இதை ஒரு சொட்டு ஊத்தினாப் போதும்"னு கடைக்காரர் சொன்னார். அதுல லேபிள் இல்லை. மார்க்கர்ல 'பனானா'ன்னு மட்டும் எழுதியிருக்கு. பில்லும் கொடுக்கலை. தெர்மாகோல்ல விழுந்தது இந்தப் பெரிய புட்டி. ஒரு மாசமா இதைத்தான் ஊத்திக்கிட்டிருக்கேன்.

பழைய_ஆய்வகம் · செவ்வாய், காலை 6:48

சொன்னதற்கு நன்றி அம்மா. பெரிய புட்டியை இனி அடுப்படிக்குள் கொண்டுவர வேண்டாம். மூடி இறுக்கி, நெருப்பில்லாத இடத்தில் தனியே வையுங்கள். சாக்கடையில் ஊற்ற வேண்டாம். காரணத்தை என்னைவிடத் தெளிவாகச் சொல்லக்கூடியவர் ஒருவர் இந்தக் குழுவில் இருக்கிறார். சுவைக்கூட்டு, வருகிறீர்களா?

சுவைக்கூட்டு · செவ்வாய், மதியம் 1:15

வந்துவிட்டேன் சார். வாசனைப் பொருள் கலக்கும் தொழிற்சாலையில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன்.

அக்கா, கெமிக்கல் கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. மூலக்கூறு ஒன்றேதான். ஆனால் புட்டிக்குள் மூலக்கூறு மட்டும் இருப்பதில்லை. கரைப்பானாக விற்கும் அமைல் அசிட்டேட்டை வாங்குகிறவருக்கு லேக்கர் கரைந்தால் போதும், பளபளப்பு வந்தால் போதும். அதனால் அதில் எஸ்டராக மாறாமல் மிஞ்சிய ஆல்கஹால் இருக்கலாம், அமிலம் இருக்கலாம், வேறு அமைல் எஸ்டர்கள் கலந்திருக்கலாம். இவைகூடப் பெரிய பயம் இல்லை. அது வந்த டிரம்மில் அதற்கு முன்னால் என்ன இருந்தது? டொலுயீன், மெத்தனால் மாதிரி விஷக் கரைப்பானா? ஈயம், ஆர்செனிக் போன்றவற்றுக்கு யாராவது சோதித்தார்களா? கரைப்பான் வாங்குகிறவர் இந்தக் கேள்விகளைக் கேட்பதே இல்லை, அதனால் விற்பவரும் சோதிப்பதில்லை. உணவுத் தர எஸ்டருக்கு ஒவ்வொரு பேட்ச்சுக்கும் சோதனைத் தாள் வரும். நாங்கள் அந்தத் தாள் இல்லாமல் டிரம்மைக் கிடங்குக்குள்ளேயே விடமாட்டோம்.

அடுத்தது அளவு. நல்ல உணவுத் தர எஸ்டராகவே இருந்தாலும் அடர்த்தியான புட்டியிலிருந்து நேரே ஐஸில் சொட்டுவது தப்பு. ஐஸ்கிரீமுக்குத் தேவை ஒரு கிலோவுக்குச் சில பத்து மில்லிகிராம். ஒரு சொட்டே இருபது மில்லிகிராமுக்கு மேல் வரும். கை ஒரு தடவை குலுங்கினால் கணக்கு ரெண்டு மடங்கு, மூணு மடங்கு. நீர்த்த எசென்ஸ் விற்பதன் காரணமே இதுதான், சொட்டுப் பிசகினாலும் பெரிய வித்தியாசம் வராது. தவிர இந்த எஸ்டர் தண்ணீரில் லிட்டருக்கு ரெண்டு கிராம் அளவுக்குத்தான் கரையும். நேரே ஊற்றினால் மேலே மிதந்து ஒரு குச்சியில் அதிகமாகவும் இன்னொன்றில் ஒன்றுமே இல்லாமலும் போகும். தண்ணீர் ஐஸில் இது நன்றாகத் தெரியும். பால் ஐஸில் கொழுப்பு கொஞ்சம் வாங்கிக்கொள்ளும்.

நீர்க்க வைக்கும் திரவத்திலும் விஷயம் இருக்கிறது. டை எத்திலீன் கிளைக்காலை வாசனைப் பொருளுக்குக் கரைப்பானாகப் பயன்படுத்தக் கூடாது என்று நம் நாட்டு உணவுச் சட்டமே தடுத்திருக்கிறது. சிறுநீரகத்தைக் கெடுக்கும் பொருள் அது. லேபிள் இல்லாத புட்டியில் எது இருக்கிறது என்று மோந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

போன மாதம் விற்றதை நினைத்து உடைந்து போகாதீர்கள். சொட்டுக்கணக்கில் போயிருக்கிறது. யாருக்காவது உடம்புக்கு ஏதாவது என்று புகார் வந்தால் மட்டும் மறைக்காமல் மருத்துவரிடம் இந்தப் புட்டியைப் பற்றிச் சொல்லுங்கள். ஆனால் இன்றோடு நிறுத்துங்கள்.

ஒரு சின்ன அடையாளம் சொல்கிறேன். எசென்ஸ் புட்டியைத் திறந்ததும் பழ வாசனைக்குப் பின்னால் வினிகர் போல மூக்கில் குத்தினால் அது பழசாகிவிட்டது. ஈரம் பட்டு எஸ்டர் திரும்ப அமிலமாகப் பிரிகிறது. நல்ல கம்பெனிச் சரக்காக இருந்தாலும் அதைப் போடாதீர்கள்.

இயற்கைவழி_மணி · செவ்வாய், மாலை 5:50

நான் சொன்னதுதானே கடைசியில் சரியாக வந்தது? கெமிக்கல் வேண்டாம், பழத்தைப் போடுங்கள் என்றேன். 'இயற்கை வாசனை' என்று லேபிளில் போட்டிருப்பதையாவது வாங்கலாமே.

சுவைக்கூட்டு · செவ்வாய், இரவு 8:02

மணி அண்ணே, பழத்தைப் போடுங்கள் என்பதில் எனக்கும் முழுச் சம்மதம். ஐசோஅமைல் அசிட்டேட் மட்டும் போட்ட ஐஸ் மிட்டாய் போலத்தான் இருக்கும். பழத்தில் இன்னும் எத்தனையோ எஸ்டர்கள் உண்டு, லேசான பச்சை வாடை உண்டு, கிராம்பு போன்ற ஒரு சாயல்கூட உண்டு. ரஸ்தாளியின் மணமும் மலை வாழையின் மணமும் ஒன்றா? அந்தக் கூட்டை ஒரே எஸ்டர் கொடுக்காது.

ஆனால் இயற்கை, செயற்கை என்று கோடு போட்டுவிட்டு, இந்தப் பக்கம் எல்லாம் அமுதம், அந்தப் பக்கம் எல்லாம் விஷம் என்பதை ஏற்க முடியவில்லை. ஐசோஅமைல் ஆல்கஹால் எங்கே கிடைக்கிறது தெரியுமா? கரும்பாலையில் மிஞ்சும் கழிவுப்பாகை ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைத்து எரிசாராயம் வடிக்கிறார்களே, அந்த வடிசாலையில் எத்தனாலோடு ஒட்டிக்கொண்டு வரும் ஃபியூசல் ஆயிலில். ஈஸ்டும் வாழைப்பழம் மாதிரியே லூசினை உடைத்துத்தான் அதைச் செய்கிறது. அந்த ஆல்கஹாலையும் புளிக்க வைத்துக் கிடைத்த அசிட்டிக் அமிலத்தையும் நொதி கொண்டு இணைத்தால் 'இயற்கை' என்ற பெயரில் பல மடங்கு விலைக்கு விற்கலாம். பெட்ரோலியத்திலிருந்து செய்தாலும் வருவது அதே எஸ்டர்தான். ரெண்டையும் நாக்கு பிரிக்காது. செடிகொடிகளில் இருக்கும் கதிரியக்கக் கார்பனான கார்பன் 14ஐ அளந்து பார்க்கும் கருவிதான் பிரிக்கும். பெட்ரோலியத்தில் அது எப்போதோ சிதைந்து தீர்ந்துவிட்டது.

இன்னொரு சுவையான விஷயம். இதே எஸ்டருக்கு அமெரிக்காவில் பெயர் வாழைப்பழ எண்ணெய். பிரிட்டனிலோ பேரிக்காய் எண்ணெய்! 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் செயற்கைப் பழ எசென்ஸ்களை வைத்திருந்தார்கள். அங்கே பேரிக்காய் வாசனையாகக் காட்டப்பட்டது இந்த அமைல் அசிட்டேட்தான். வாழைப்பழம் அங்கே சாதாரண மக்கள் கண்ணில் படாத காலம், அதனால் மூக்கு தனக்குத் தெரிந்த பழத்தின் பெயரைச் சொல்லிவிட்டது. இன்றைக்கும் அங்கே பேரிக்காய் மிட்டாயில் இந்த வாசனைதான். தூக்கலாக இருந்தால் நெயில் பாலிஷ், கொஞ்சம் குறைந்தால் பேரிக்காய், இன்னும் குறைந்தால் வாழைப்பழம் என்று எனக்குப் படும். இது என் மூக்கின் கணக்கு.

இயற்கைவழி_மணி · செவ்வாய், இரவு 8:40

கரும்பாலை விஷயம் எனக்குப் புதுசு தம்பி. லேபிள் இல்லாத சரக்கு கூடாது என்பதில் நாம் எல்லாரும் ஒன்று. எல்லா எசென்ஸும் பெயிண்ட் கம்பெனிச் சரக்கு என்று நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

தேன்பெட்டி_மார்த்தாண்டம் · புதன், காலை 7:05

இந்த இழையைப் பார்த்ததும் எழுதாம இருக்க முடியல. எங்களுக்கு இந்த மணம்னா வேற அர்த்தம்.

எங்க தாத்தா காலத்திலேருந்து தேனீப் பெட்டி வச்சிருக்கோம். பெட்டி திறக்கப் போற அன்னைக்கு மட்டி வாழைப்பழம் தின்னுட்டு வரக்கூடாதுன்னு தாத்தா கண்டிப்பா சொல்லுவார். ஏன்னு கேட்டா "ஈக்குப் பிடிக்காது பிள்ளே"ன்னு அவ்வளவுதான். காரணத்தைப் பயிற்சியிலதான் தெரிஞ்சுக்கிட்டேன். தேனீ கொட்டும்போது கொடுக்கு நம்ம தோல்லயே அறுந்து நிக்கும். அந்தக் கொடுக்கோட அடியிலேருந்து ஒரு அபாய மணம் கிளம்பும். "எதிரி இங்கே நிக்கான், வாங்க"ன்னு மத்த ஈக்களைக் கூப்பிடுற மணம். அதுல முக்கியமானது இந்த ஐசோஅமைல் அசிட்டேட்தான்னு 1962இல் கண்டுபிடிச்சாங்க. வேற பொருள்களும் அதுல உண்டு, ஆனா சத்தமாக் கூப்பிடுறது இதுதான்.

கிட்ட நின்னு பார்த்தவனுக்குத் தெரியும். முதல் கொட்டு கையில விழுந்தா, ரெண்டாவதும் மூணாவதும் அதே இடத்தைச் சுத்தித்தான் விழும். அந்த நேரம் மூக்கைக் கிட்ட கொண்டு போனா லேசா பழுத்த பழ வாடை வரும். அதனாலதான் கொட்டு வாங்கின உடனே கொடுக்கை நகத்தால வழிச்சு எடுத்துட்டு, அந்த இடத்துல புகை அடிப்போம். புகை அந்த மணத்தை மறைச்சிரும். ரப்பர்த் தோட்டத்துல வரிசையாப் பெட்டி இருக்கும்போது ஒரு பெட்டியில ஆரம்பிச்ச கோபம் பக்கத்துப் பெட்டிக்கும் போயிரும். மலைத்தேனீக்கும் கொடுக்கில இதே பொருள் உண்டு, அது கூட்டமா வந்தா உயிருக்கே ஆபத்து.

அக்கா, உங்க வீட்டுப் பக்கம் மரத்துலயோ சுவத்துலயோ தேனடை இருந்தா, அந்தப் பெரிய புட்டியை அதுக்குக் கீழ மட்டும் திறக்காதீங்க.

குச்சிஐஸ்_தென்காசி · புதன், காலை 7:30

அய்யோ, பின்பக்க முருங்கையில கொம்புத் தேனீ கட்டியிருக்கு! புட்டியை அங்கேதான் கொண்டு வைக்கலாம்னு இருந்தேன். நல்ல நேரத்துல சொன்னீங்க அண்ணாச்சி.

இசார்_கரை · புதன், மதியம் 12:10

மியூனிக்கிலிருந்து எழுதுகிறேன். இங்கே கோதுமை பீரைத் திறந்தால் முதலில் வருவது வாழைப்பழ வாசனைதான். அதில் பழம் எதுவும் சேர்ப்பதில்லை, ஈஸ்ட் செய்கிற வேலை. நண்பர் சொன்ன அதே லூசின் கதை. ஜப்பானியர்களும் சாக்கேயில் இந்த மணம் வரவேண்டும் என்று அதற்கேற்ற ஈஸ்டைத் தேடி வளர்க்கிறார்கள்.

இன்னொன்று, மின்பொறியாளன் என்பதால் எனக்குப் பிடித்தது. 1884இல் ஹெஃப்னர் ஆல்டெனெக் என்ற ஜெர்மானியப் பொறியாளர் ஒளியை அளக்க ஒரு விளக்கு செய்தார். எரிபொருள் அமைல் அசிட்டேட். திரி 8 மில்லிமீட்டர், சுடர் உயரம் சரியாக 40 மில்லிமீட்டர். அந்தச் சுடரின் வெளிச்சம்தான் ஜெர்மனியில் பல பத்தாண்டுகள் ஒளியின் அலகாக இருந்தது. எண்ணெய்க்கு எண்ணெய் சுடர் மாறும். இதுவோ ஒரே பொருளாகச் சுத்தமாகக் கிடைத்தது, அதனால் எங்கே எரித்தாலும் ஏறக்குறைய ஒரே வெளிச்சம்.

பழைய_ஆய்வகம் · புதன், மாலை 4:25

இசார் தம்பி, அருமை. நானும் ஒன்று சேர்க்கிறேன், இந்தப் பொருளை வெறும் மிட்டாய் வாசனை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் பூஞ்சைச் சாற்றிலிருந்து பென்சிலினைப் பிரிக்கப் போராடினார்கள். முதலில் ஈதர்; பிறகு அமைல் அசிட்டேட். சாற்றை அமிலமாக்கினால் பென்சிலின் தண்ணீரை விட்டு எஸ்டருக்குள் போய்விடும். அழுக்கெல்லாம் தண்ணீரிலேயே தங்கும். பிறகு அந்த எஸ்டரை அமிலமில்லாத தண்ணீரோடு சேர்த்தால் பென்சிலின் திரும்பத் தண்ணீருக்கு வந்துவிடும். நார்மன் ஹீட்லி இதற்காகக் கண்ணாடிக் குழாய்களையும் புட்டிகளையும் கோத்து ஒரு கருவியே கட்டினார். இந்த எஸ்டர் தண்ணீரோடு கலக்காமல் தனித்து நிற்கும் குணம்தான் அங்கே பயன்பட்டது.

பிளஸ்டூ_நிலா · புதன், இரவு 7:55

சார், எங்க புத்தகத்துல எஸ்டர்னா "இனிய பழ மணம்"னு ஒரு வரிதான் இருக்கு. லேப்ல சோதனைக்குழாயில சூடு பண்ணி மோந்து பார்த்தோம், வினிகர் வாடைதான் வந்துச்சு. டீச்சர் பழ மணம்னு எழுதிக்கச் சொன்னாங்க. நாங்க என்ன தப்பு பண்ணினோம்?

பழைய_ஆய்வகம் · புதன், இரவு 9:10

நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை மகளே. உன் மூக்கு உண்மையைச் சொல்லியிருக்கிறது.

இது இரண்டு பக்கமும் ஓடும் வினை. அமிலத்தையும் ஆல்கஹாலையும் சம மோல் எடுத்தால் மூன்றில் இரண்டு பங்கு வரைதான் எஸ்டராகும். மிச்ச அசிட்டிக் அமிலம் அப்படியே குழாயில் நின்று பழ மணத்தை அமுக்கிவிடும். அடுத்த முறை சூடாக்கியதைச் சோடா உப்புக் கரைசல் உள்ள பீக்கரில் கொட்டிவிட்டுப் பிறகு மோந்து பார். அமிலம் சோடியம் அசிட்டேட்டாகி அடங்கிவிடும், எஸ்டர் மேலே எண்ணெய்ப் படலமாக மிதக்கும். கையால் விசிறித்தான் மோக்க வேண்டும், பீக்கருக்குள் முகத்தை விடக்கூடாது.

கல்லூரியில் நாங்கள் அமிலத்தை வேண்டுமென்றே அதிகமாக எடுப்போம். சமநிலை எஸ்டர் பக்கம் சாயும். ஆல்கஹாலை அதிகமாக எடுத்தாலும் சாயும்தான். ஆனால் ஐசோஅமைல் ஆல்கஹாலின் கொதிநிலை 131 டிகிரி, எஸ்டருடையது 142. இவ்வளவு பக்கத்தில் இருப்பவற்றை வடித்துப் பிரிப்பது பெரும்பாடு. அமிலமென்றால் கழுவியே போக்கிவிடலாம். கொஞ்சம் அடர் கந்தக அமிலம் விட்டு, எழும் ஆவியைக் குளிர்த்தித் திரும்பக் குடுவைக்குள்ளேயே விழவிட்டு ஒரு மணி நேரம் கொதிக்க வைப்போம். பிறகு பிரிபுனலில் தண்ணீர், அடுத்து சோடா உப்புக் கரைசல்.

இந்த இடத்தில்தான் பிள்ளைகளை நான் விட்டு நகரவே மாட்டேன். சோடா உப்பு அமிலத்தோடு சேர்ந்ததும் கார்பன் டை ஆக்சைடு பொங்கும். மூடியைப் போட்டுக் குலுக்கினால் உள்ளே அழுத்தம் ஏறும். புனலைத் தலைகீழாகப் பிடித்து, மூடியை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு, குழாய்த் திருகைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று வரும். அந்தச் சத்தம் அடங்கும்வரை குலுக்குவதும் திறப்பதுமாக இருக்க வேண்டும். ஒரு மாணவன் திறக்க மறந்துவிட்டான். மூடி தெறித்துக் கூரை விசிறியில் மோதியது, அவன் சட்டை முழுக்க எஸ்டர். கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. அன்று முழுக்க அந்த மாடியே வாழைத்தார் தொங்கவிட்ட கடை மாதிரி மணந்தது.

லேக்கர்_கை · வியாழன், இரவு 10:18

வணக்கம். நான்தான் மதினி சொன்ன கொழுந்தன். இதுக்காகவே இன்னைக்கு இங்க கணக்கு ஆரம்பிச்சேன்.

ஐஸ் பத்தி எல்லாரும் நல்லா சொல்லிட்டீங்க. நான் கேக்க வந்தது எங்களைப் பத்தி. ஐஸ்ல சொட்டுக்கணக்கு. நாங்க நாள் பூரா லிட்டர்கணக்குல அடிக்கிறோம். அஞ்சாறு வருசம் முந்தி வேற ஊர்ல ஒரு பட்டறையில இருந்தேன். ஏசி போட்ட கடைக்குள்ளயே ராத்திரியோட ராத்திரியா அலமாரிக்கு லேக்கர் அடிக்கணும். வாசனை வெளிய போகக்கூடாதுன்னு கதவைச் சாத்திட்டாங்க. முதல் அரை மணி நேரம் பழ வாடை தூக்கலா அடிக்கும். அப்புறம் வாடையே தெரியாது. சரி போயிருச்சுன்னு நினைப்போம். நடுராத்திரி தலை விண்ணுன்னு தெறிக்கும், கூட இருந்த பையன் ஏணியில நிக்கும்போதே கண்ணு சொருகி விழுந்தான். மேஸ்திரிகிட்ட சொன்னா, "பழ வாசனைதானடா, இதுக்குப் போய் ஏன் பயப்படுதே"ன்னார். மூக்குல ஈரக் கைக்குட்டை கட்டிக்கிட்டு மிச்சத்தை முடிச்சோம்.

இப்ப தனியாத்தான் செய்யறேன். கடையில கொடுத்த துணி மாஸ்க் போடறேன். இந்தப் பழ வாசனை எங்களுக்கு நல்லதா கெட்டதா?

பழைய_ஆய்வகம் · வியாழன், இரவு 11:40

தம்பி, உங்கள் கேள்விதான் இந்த இழையிலேயே முக்கியமானது. அந்தப் பையன் விழுந்த கதையைப் படித்து மனது கனத்துவிட்டது.

பழ வாசனை என்பதால் காற்றில் இருப்பது பழம் ஆகிவிடாது. இந்த எஸ்டரையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்பு விதிப்படி எட்டு மணி நேர வேலையில் காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்குக்கு மேல் போகக்கூடாது. மேலே போனால் கண், தொண்டை எரியும், தலை சுற்றும், மயக்கம் வரும். உங்கள் தின்னர் டப்பாவிலோ எஸ்டர் மட்டும் இல்லை. டொலுயீன் போன்றவை கூட இருக்கும். நரம்பை நேரே தாக்குவது அதுதான். அதன் வாடையை எஸ்டரின் பழ மணம் மறைத்துவிடுகிறது. மேஸ்திரி ஏமாந்ததும் இப்படித்தான்.

அரை மணியில் வாடை தெரியாமல் போனது, காற்று சுத்தமானதால் இல்லை. மூக்கு களைத்துவிட்டது. ஒரே வாசனை தொடர்ந்து வந்தால் மூக்கு அதைச் சொல்வதை நிறுத்திவிடும். அந்த நேரத்தில் அறைக்குள் முன்னைவிட அதிகமாகத்தான் நிறைந்திருக்கும்.

நெருப்பும் மறக்கக்கூடாது. இந்த எஸ்டரின் தீப்பற்றுநிலை 25 டிகிரி அளவுதான். நம் ஊர் வெயிலில் திறந்த டப்பாவின் மேல் எப்போதும் பற்றக்கூடிய ஆவி நிற்கிறது என்று பொருள். அந்த ஆவி காற்றைவிட நாலரை மடங்கு கனம். தரையோடு தவழ்ந்து அடுத்த அறை அடுப்பு வரை போகும். கதவைச் சாத்தி அடிப்பது, பக்கத்தில் சுவிட்ச் போடுவது, பீடி பற்றவைப்பது எதுவும் வேண்டாம். தரை மட்டத்தில் காற்று வெளியேற வழி இருக்க வேண்டும்.

துணி மாஸ்க் பெயிண்ட் துளியைக் கொஞ்சம் பிடிக்கும். ஆவியைத் துளியும் நிறுத்தாது. ஈரக் கைக்குட்டையும் அப்படித்தான். உங்களுக்குத் தேவை ரப்பர் முகக்கவசம், ரெண்டு பக்கமும் கரி நிரப்பிய புட்டி பொருத்தியது. கரைப்பான் ஆவிக்கு என்று கேட்டு வாங்குங்கள்.

அந்தக் கவசம் முகத்தில் சரியாகப் பொருந்துகிறதா என்று எதை வைத்துச் சோதிக்கிறார்கள் தெரியுமா? இதே ஐசோஅமைல் அசிட்டேட்டை வைத்துத்தான். அமெரிக்க விதியிலேயே அந்தச் சோதனை இருக்கிறது. கவசத்தைப் போட்டவரைச் சிறு கூடாரத்துக்குள் நிறுத்தி, இந்த எஸ்டர் நனைத்த காகிதத்தை உள்ளே தொங்கவிடுவார்கள். அவர் சாதாரணமாக மூச்சுவிட வேண்டும், ஆழமாக இழுக்க வேண்டும், தலையை இடது வலது, மேலே கீழே அசைக்க வேண்டும், பேச வேண்டும், குனிந்து நிமிர வேண்டும். இடையில் எங்காவது வாழைப்பழ வாசனை வந்தால் கவசம் ஒழுகுகிறது. மூக்கு முன்கூட்டியே களைத்துவிடக் கூடாது என்று, வாசனை தெரிகிறதா என்ற முதல் சோதனையை வேறு அறையில் வைப்பார்கள்.

குச்சிஐஸ்_தென்காசி · ஞாயிறு, மாலை 6:15

எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடுறேன். நிலவரம் சொல்றேன்.

பெரிய புட்டியில மிச்சம் இருந்ததைக் கொழுந்தன் தன் பட்டறைக்குக் கொண்டு போயிட்டார், பிரஷ் கழுவ ஆகும்னார். கெமிக்கல் கடைக்குப் போய் "இது சாப்பாட்டுக்கு ஆகுமா, எழுதிக் கொடுங்க"ன்னு கேட்டேன். அவர் எழுதித் தரலை. அதுவே எனக்குப் போதும். எனக்குத் தெரிஞ்ச இன்னும் ரெண்டு ஐஸ்காரங்களுக்கும் போன் போட்டுச் சொல்லிட்டேன். ஒருத்தர்கிட்ட அதே மார்க்கர் எழுத்துப் புட்டி இருந்துச்சு.

பூவன் பழத்தை மசிச்சுப் பாலோட அடிச்சு, லேபிள் உள்ள எசென்ஸ் மட்டும் அளவுக் குழாயில எடுத்து ஊத்திப் போட்டேன். நிறம் மஞ்சளா வரலை, கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கு. பிள்ளைங்க ரெண்டாவது கேட்டாங்க.

லேக்கர்_கை · ஞாயிறு, இரவு 9:33

சார், கரிப் புட்டி உள்ள முகக்கவசம் வாங்கிட்டேன். மதினி தன் எசென்ஸைப் பஞ்சுல நனைச்சு என் முகத்தைச் சுத்திக் காட்டினாங்க. தலையைத் திருப்பினேன், குனிஞ்சேன், பேசினேன். தாடைகிட்ட வாழைப்பழ வாசனை வந்துட்டுது. வாரை இறுக்கினோம், அப்பவும் வந்துச்சு. திருச்செந்தூருக்கு மாலை போட்டு வளர்த்த தாடி சார். அந்த முடிதான் ரப்பரைத் தோலோட ஒட்ட விடலைன்னு அண்ணன் சொன்னான்.

பழைய_ஆய்வகம் · ஞாயிறு, இரவு 9:50

உங்கள் அண்ணன் சொன்னது சரி. தாடி இருந்தால் எந்தக் கவசமும் ஒட்டாது. வீட்டுப் பஞ்சுச் சோதனை முறையான சோதனைக்கு ஈடாகாது, ஆனாலும் ஓட்டை இருப்பதைக் காட்டிக் கொடுத்துவிட்டது. மாலை கழற்றும்வரை லேக்கர் வேலையைத் திறந்த வெளியில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி.

லேக்கர்_கை · அடுத்த வெள்ளி, மதியம் 2:07

செந்தூர்ல மொட்டை போட்டுத் தாடியும் எடுத்துட்டு வந்தேன். மதினி மறுபடி பஞ்சைக் காட்டினாங்க. குனிஞ்சு நிமிர்ந்து, சத்தமா ஒண்ணுலேருந்து அம்பது வரைக்கும் எண்ணினேன். ஒண்ணும் வரலை சார். கவசத்தைக் கழட்டினப்புறம்தான் அடுப்படி பூரா வாழைப்பழ மணம் அடிக்கிறது தெரிஞ்சது.